நாடகவழிக் கல்வி

குழந்தைகள் தாமே கதை கட்டி, வேடம் ஏற்று, பேசி நடிப்பதைப் பாடமாகவே கொள்ளும் கற்பித்தல் முறை. கூச்சம் தெளிதல், மனத்தில் உள்ளதைச் சொல்லாலும் உடலாலும் வெளியிடப் பழகுதல் ஆகியவை இதன் நோக்கம். தேர்ந்த நடிகர் உருவாவது தற்செயல். மதுரையில் 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளிலும் (சிறுவர் நாடகக் குழுக்களிலும்) நடித்தவர்கள் சிறுவர்களே; நாடக நடிகர் டி. கே. சண்முகம் அங்கே சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. ஆனால் பாட்டும் வசனமும் வாத்தியார் எழுதியவை. பையன்கள் நெட்டுருப் போட்டார்கள். அது தொழிற்பயிற்சி ஆகையால் இக்கட்டுரையில் அடங்காது.

தோற்றம்

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் சாம்ப்டிங் என்னும் சிற்றூர்ப் பள்ளிக்கு 1897இல் தலைமையாசிரியையாக வந்தவர் ஹாரியட் ஃபின்லே-ஜான்சன். வரலாறு, இலக்கியம், நிலநூல் எல்லாவற்றையும் அவர் நாடகமாக நடத்தினார். உழவர் வீட்டுப் பிள்ளைகள் புத்தகங்களைப் புரட்டி உரையாடலைத் தாங்களே அமைத்தார்கள். கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வாளும் கிரீடமும் செய்தார்கள். வேடிக்கை பார்ப்பவர் என்று ஒரு தனிக் கூட்டம் வகுப்பில் இல்லை. தொடக்கப் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராக இருந்த எட்மண்ட் ஹோம்ஸ், 1911இல் வெளியிட்ட நூலில் இவ்வாசிரியைக்கு 'எஜீரியா' என்று புனைபெயரிட்டுப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தார். அதற்கு முன்பே, 1910இல், திருமணத்தோடு அவருடைய ஆசிரியப் பணி முடிந்துவிட்டது. ஃபின்லே-ஜான்சனின் நூலும் 1911இல் வந்தது.

கேம்பிரிட்ஜின் பெர்ஸ் பள்ளியில் கால்டுவெல் குக் ஷேக்ஸ்பியரை மேசையில் வைத்துப் படிக்க விடாமல், தனி அறையில் நடிக்கவைத்தே கற்பித்தார்; இது பற்றிய அவர் நூல் 1917இல் வந்தது. அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகரில் வினிஃப்ரெட் வார்ட் 1925இல் குழந்தைகள் அரங்கைத் தொடங்கினார். சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளிடையே வயோலா ஸ்போலின் உருவாக்கிய அரங்க விளையாட்டுகள் 1963இல் நூலாயின.

ஸ்லேடின் பகுப்பு

இம்முறைக்கு இலக்கணம் வகுத்தவர் பீட்டர் ஸ்லேட் (1912–2004). பர்மிங்ஹாம் நகரக் கல்வித் துறையின் நாடக ஆலோசகராக இருந்த இவர், குழந்தை நாடகம் பற்றிய பெருநூலை 1954இல் வெளியிட்டார். குழந்தையின் விளையாட்டை அவர் இரண்டாகப் பிரித்தார். சொப்பும் பொம்மையும் பரப்பிவைத்துக்கொண்டு, உடல் பெரும்பாலும் அசையாமல், அப்பொருள்களின் மேல் உயிரை ஏற்றி ஆடுவது ஒன்று. தானே புலியாகவோ போலீஸ்காரராகவோ மாறி ஓடிச் சாடி ஆடுவது மற்றொன்று. முன்னதிலிருந்து படிப்பும் வாசிப்பும் கலை ஈடுபாடும், பின்னதிலிருந்து ஓட்டம், நடனம், நடிப்பு ஆகியவையும் கிளைக்கின்றன என்பது அவர் கருத்து. ஆட்டத்தில் தோய்தல், மெய்ம்மை என்னும் இரு பண்புகளையே அவர் தரத்துக்கு அளவுகோலாகக் கொண்டார். தன்போக்கில் விடப்பட்ட குழந்தைகள் வட்டமாகவே ஆடுகிறார்கள் என்பதும் அவர் கண்டதே. ஒருபுறம் மட்டும் திறந்த மேடை அவ்வட்டத்தை உடைத்து, குழந்தையை அவையோர் முகம் பார்க்கப் பழக்கிக் கெடுத்துவிடுகிறது என்பார் அவர். பெற்றோர் கைதட்டலுக்காக ஏற்றப்படும் ஆண்டுவிழா நாடகத்தை இம்முறையின் பயனாகக் கருதுவது தவறு.

ஹீத்கோட்

பிரையன் வே 1967இல் எழுதிய நூல் ஸ்லேடின் வழியை வகுப்பறைப் பயிற்சிகளாக எளிதாக்கியது. வேறு திசையில் சென்றவர் டோரத்தி ஹீத்கோட் (1926–2011). யார்க்ஷயரில் பதினான்கு வயதில் நெசவாலைக்குப் போனவர். நாடகப் பள்ளியில் சேர்ந்தபோது கட்டணத்தை ஏற்ற ஆலை முதலாளி, அது சரிப்படாவிட்டால் திரும்பி வர மூன்று தறி காத்திருக்கும் என்றாராம். பட்டமின்றியே 1951இல் நியூகாசிலில் விரிவுரையாளரானார். இவர் வகுப்பில் ஆசிரியரும் ஒரு வேடம் ஏற்பார். பெரும்பாலும் விஷயம் அறியாதவராக, உதவி கேட்டு வருபவராக. விடை சொல்லும் பொறுப்பு பிள்ளைகள்மேல் விழும். பின்னர் இவர் உருவாக்கிய முறையில் வகுப்பு முழுவதும் அருங்காட்சியகக் காப்பாளராகவோ பொறியாளராகவோ ஒரு 'வேலையை' எடுத்துச் செய்யும். வாய் திறவாத பிள்ளை பேசத் தொடங்குவது இங்கேதான்: பேசுவது தான் அல்ல, அந்தப் பொறியாளர் என்ற மறைவு அதற்குக் கிடைக்கிறது. நாடகக் கலையே இதில் காணாமற்போனதென்று டேவிட் ஹார்ன்புரூக் 1989இல் குறைகூறினார். அது மேடைக் கலையை அளவுகோலாகக் கொண்டு கூறிய குறை.

இங்கிலாந்தும் பிற நாடுகளும்

இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பாடத்திட்டத்தில் நாடகம் ஆங்கிலப் பாடத்தின் உட்பிரிவாயிற்று. டெல்லி தேசிய நாடகப் பள்ளி 1989இல் கல்வி அரங்கக் குழுவை அமைத்தது. யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' முதலிய சிறுவர் நாடகங்களை எழுதினார். சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' இவ்வகையில் பெயர்பெற்றது. புதுச்சேரியில் வேலு சரவணன் சிறுவர் நாடகங்கள் நடத்திவருகிறார்.