கணக்கில் ஏறிய உழைப்பு

ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்துக்கு 1936-இல் இடம் கிடைத்தது, பெண்களுக்கு 1976-இல்தான். இந்த நாற்பதாண்டுத் தாமதத்தை மனதில் வைத்தே ருயி மச்சிடாவின் ஆட்டத்தைப் பார்க்கிறேன்.

1993-இல் ஹொக்கைடோவின் அசாஹிகாவாவில் பிறந்தவர். சப்போரோவில் பள்ளி அணிக்கு ஆடி, 2011-இல் ஃபுஜிட்சு நிறுவனத்தின் ரெட் வேவ் அணியில் சேர்ந்தார். ஜப்பானில் பெண்கள் கூடைப்பந்து வளர்ந்தது பெரும்பாலும் இத்தகைய நிறுவன அணிகளில்தான்.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் பிரான்ஸை ஜப்பான் 87–71 என வென்றது. சக வீராங்கனை கூடையில் போடுவதற்கு வழிசெய்யும் பந்தை அசிஸ்ட் என்பார்கள். அன்று மச்சிடா கொடுத்தவை 18, ஒலிம்பிக் சாதனை. ஜப்பான் வெள்ளி வென்றது. மறு ஆண்டு அவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் அணிக்கு ஆடினார்.

அவர் உயரம் 162 செ.மீ. ‘குட்டிப் பெண்’ என்று வியப்பவர்கள் அவருடைய அறிவைப் பார்ப்பதில்லை. தோழி எந்த நொடியில் எங்கே வந்து நிற்பாள் என்று முன்பே கணிக்கிற அறிவு அது.

பிறருக்குக் கொடுப்பது பெண்ணின் இயல்பு என்று சொல்லியே வீட்டிலும் வேலையிலும் நம் உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மச்சிடாவின் களத்தில் கொடுப்பது பயின்று பெற்ற திறமை. ஒவ்வொன்றும் எண்ணி எழுதப்படுகிறது. எனக்கு அவரைப் பிடித்திருப்பது அதனால்தான்.