நடுவரின் கண்ணும் காதும்

ஆனைக்குட்டம் அணைக்கரையில் நின்று, இரவில் சிவகாசித் திசையில் வாணம் வெடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் ஒளி தெரியும். ஓசை பிறகுதான் வந்து சேரும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஆகவே ஒரு கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 3 விநாடி பிடிக்கிறது. இந்தத் தாமதம் கிரிக்கெட் நடுவரையும் விட்டு வைப்பதில்லை.

கிரிக்கெட் களத்தில் இரு நடுவர்கள் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் பந்து வீசும் முனையில், விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பார். மற்றவர் மட்டையாளருக்குப் பக்கவாட்டில், ‘ஸ்கொயர் லெக்’ என்னும் இடத்தில் நிற்பார். முதல்வருக்குப் பந்து செல்லும் நேர்கோடு தெரியும். மற்றவருக்குப் பந்தின் உயரமும், மட்டையாளர் கோட்டைத் தொட்டாரா என்பதும் தெரியும். பிடிக்குமுன் பந்து தரையில் பட்டதா என்று ஐயம் எழுந்தால் ஒருவர் மற்றவரைக் கேட்கலாம். விதியே அதற்கு இடம் தருகிறது. ஓவரில் எத்தனை பந்து மிச்சம் என்பதைக்கூட விரல்களைக் காட்டிச் சரிபார்த்துக் கொள்வார்கள்.

ஆனால் கேட்டும் பயனில்லாத நேரங்கள் உண்டு.

1986 செப்டம்பர் 22. சென்னை சேப்பாக்கம் மைதானம். ஆஸ்திரேலியாவை வெல்ல இந்தியாவுக்குத் தேவை 348 ஓட்டங்கள், எடுத்திருந்தது 347. கடைசி ஓவர், கடைசி ஜோடி. கிரெக் மாத்யூஸ் வீசிய ஐந்தாவது பந்து மணிந்தர் சிங்கின் காலில் பட்டது. நடுவர் வி. விக்ரமராஜு உடனே விரலை உயர்த்தினார். எல்.பி.டபிள்யூ.! டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது முறையாக ஓர் ஆட்டம் ‘டை’ ஆயிற்று. (முதலாவது, 1960இல் பிரிஸ்பேனில்.) பந்து முதலில் மட்டையில் பட்டது என்றார் மணிந்தர். இல்லை என்பதில் உறுதியாக இருந்தார் விக்ரமராஜு.

இதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போமா? மட்டையிலிருந்து நடுவருக்குச் சுமார் 20 மீட்டர். ஓசை வந்து சேர 0.06 விநாடி ஆகும். பந்தின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்துக் கொண்டால், அந்த நேரத்தில் அது 1.3 மீட்டர் போய்விடக் கூடியது. அதாவது, மட்டையின் ஓசை காதில் விழுமுன்பே, பந்து காலில் படுவதைக் கண் பார்த்துவிடும். மட்டைக்கும் காலுக்கும் 10 சென்டிமீட்டர்தான் இடைவெளி என்றால், இரண்டு ஓசைகளுக்கும் இடையே விநாடியில் இருநூறில் ஒரு பங்குதான் இருக்கும். ரசிகர்களின் ஆரவாரத்தில் எந்தக் காது இதைப் பிரித்தறியும்? பக்கவாட்டில் நிற்பவருக்கோ நேர்கோடு தெரியாது. தீர்ப்பு ஒருவர் தலையிலேயே விழுந்தது.

இந்தச் சுமையைக் குறைக்கவே மூன்றாவது நடுவர் வந்தார். 1992 நவம்பரில் டர்பனில் நடந்த டெஸ்டில், தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்த மூன்றாவது நடுவரின் தீர்ப்பால் முதன்முதலில் ‘ரன் அவுட்’ ஆனவர் நம் சச்சின் டெண்டுல்கர். 2008இல் கொழும்பில் நடந்த இந்திய–இலங்கை டெஸ்டில், நடுவர் தீர்ப்பை ஆட்டக்காரரே மறுபரிசீலனைக்கு அனுப்பும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. எல்.பி.டபிள்யூ. தீர்ப்புக்கும் அப்போதுதான் மேல்முறையீடு கிடைத்தது. ஐயத்துக்குரிய கேட்ச்சுகளில் களநடுவர் முன்கூட்டியே தம் ஊகத்தைச் சொல்லும் வழக்கம் 2023 ஜூனில் கைவிடப்பட்டது.

உங்கள் ஊர்த் திடலில் ஒருநாள் நீங்கள் நடுவராக நிற்க நேரலாம். அங்கே தொலைக்காட்சி இராது. ஆனால் எதிரே ஒரு தோழர் நிற்பார். “எனக்குச் சரியாகத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்ததா?” என்று அவரைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் காணாததை அவர் கண்டிருக்கலாம்.