முகம்மது அலிக்கு மேடையைத் திறந்துகொடுத்த செனட்டர்

 

போன கிழமை பத்தாம் ஆண்டு வகுப்பில் முகம்மது அலியைப் பற்றிப் பேச்சு வந்தது. வியட்நாம் யுத்தத்துக்குப் போக மாட்டேன் என்று மறுத்தார், பட்டத்தைப் பறித்தார்கள், மூன்றரை வருடம் சண்டை போட விடவில்லை, பிறகு திரும்பி வந்தார் என்று நாமும் வழமைபோலச் சொல்லிக்கொண்டு போனோம். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: "சேர், ஒருத்தரும் லைசன்ஸ் குடுக்கல்லண்டா, பொறகு ஆரு குடுத்த?"

நல்ல கேள்வி. அந்த இடத்தை நாமும் இத்தனை வருடமாகத் தாண்டித்தான் போயிருக்கிறோம். பதிலைத் தேடிப் போனால் லீரோய் ஜோன்சன் என்ற ஒரு மனிதரிடம் போய் நிற்கிறோம். அவர் குத்துச்சண்டைக்காரர் அல்ல. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில செனட் சபையில் இருந்த ஓர் உறுப்பினர். அதற்கு முன்னர் நம்மைப்போல ஒரு பள்ளிக்கூட ஆசிரியர்.

1928 இல் அட்லாண்டா நகரில் பிறந்தவர். மார்ட்டின் லூதர் கிங் படித்த அதே மோர்ஹவுஸ் கல்லூரியில், கிங் வெளியேறி அடுத்த வருடம், 1949 இல் பட்டம் பெற்றார். அட்லாண்டா பாடசாலைகளில் சமூகக்கல்வி படிப்பித்தார். சட்டம் படிக்க ஆசை வந்தது. ஆனால் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்குக் கதவைத் திறந்ததே 1961 இல்தான். ஆகவே பக்கத்து மாநிலமான வட கரோலினாவில் கறுப்பினத்தவருக்கென்று இருந்த கல்லூரிக்குப் போய் 1957 இல் சட்டப் பட்டத்தோடு திரும்பினார்.

இனி அந்தச் சபையின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைகள் விடுதலையான பிறகு, 1868 இல் ஜோர்ஜியாச் சட்டசபைக்கு 33 கறுப்பின உறுப்பினர்கள் தெரிவானார்கள். சில மாதங்கள்கூடப் போகவில்லை. வாக்களிக்கும் உரிமை இருக்கலாம், பதவி வகிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை என்று சொல்லி, அவர்களில் பெரும்பாலானோரைச் சபையே வெளியேற்றியது. மத்திய அரசு தலையிட்டு 1870 இல் திரும்ப உட்கார வைத்தது. பிறகு ஒவ்வொருவராகக் குறைந்து, 1907 இல் கடைசிக் கறுப்பின உறுப்பினரும் போனார். அடுத்த வருடமே, எழுத வாசிக்கத் தெரிய வேண்டும், சொத்து இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் போட்டு, கறுப்பினத்தவரின் வாக்குரிமையையே அரசியலமைப்புத் திருத்தம் மூலம் ஒடுக்கிவிட்டார்கள்.

வாக்கு இருந்தவர்களின் வாக்குக்கும் பெறுமதி இருக்கவில்லை. ஜோர்ஜியாவில் கவுண்டி என்று 159 நிர்வாகப் பிரிவுகள். கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யும்போது மக்களின் வாக்கை நேரடியாக எண்ணுவதில்லை, ஒவ்வொரு கவுண்டிக்கும் இத்தனை புள்ளி என்று வைத்திருந்தார்கள். அட்லாண்டா நகரம் இருக்கும் ஃபுல்ட்டன் கவுண்டியில் ஐந்தரை இலட்சம் பேருக்கு மேல், அதற்கு 6 புள்ளி. எக்கோல்ஸ் என்ற கிராமத்துக் கவுண்டியில் 1,876 பேர், அதற்கு 2 புள்ளி. கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே 938 பேருக்கு ஒரு புள்ளி, இங்கே 92,721 பேருக்கு ஒரு புள்ளி. செனட் தொகுதிகளும் இதே சீரில்தான் பிரிக்கப்பட்டிருந்தன, அவ்வளவு பெரிய ஃபுல்ட்டனுக்கு ஒரேயொரு ஆசனம். நகரத்தில் செறிந்து வாழ்ந்த கறுப்பினத்தவரின் குரல் எங்கும் எடுபடாமல் இருந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். 1962 இல் நீதிமன்றங்கள் இந்த ஏற்பாட்டை உடைத்தன. தொகுதிகளை மீள வரைந்தபோது ஃபுல்ட்டனுக்கு ஏழு ஆசனங்கள் கிடைத்தன. அவற்றில் 38 ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சிக்கு ஜோன்சன் நின்றார். எதிரே குடியரசுக் கட்சி நிறுத்தியவரும் ஒரு கறுப்பின வர்த்தகர்தான். ஆக, யார் வென்றாலும் சரித்திரம் மாறத்தான் போகிறது என்ற நிலை. ஜோன்சன் வென்றார். 54 பேர் கொண்ட செனட்டில் ஒரே கறுப்பினத்தவர், 55 வருடங்களுக்குப் பிறகு. (அதே தேர்தலில் அதே சபைக்குப் புதிதாக வந்த இன்னொருவர், பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர்.)

சபைக்குள் போனதும் யாரும் மாலை போடவில்லை. ஆரம்பத்தில் சக உறுப்பினர்கள் பலர் அவரோடு கதைக்கவே இல்லை, எதிரே வந்தாலும் காணாததுபோலப் போனார்கள். ஆனால் குழுக் கூட்டத்தில் வாக்குகள் சமமாக நிற்கும் வேளையும் வரும். அப்போது காணாததுபோலப் போனவரே தேடி வந்து "உங்கள் வாக்கு வேண்டும்" என்று கேட்க வேண்டியதாயிற்று. ஜோன்சன் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பவில்லை. வாக்கைக் கொடுத்தார், பதிலுக்கு என்ன கிடைக்கும் என்றும் பார்த்தார். தனி ஒருவராக எதையும் நிறைவேற்ற முடியாது, ஆனால் நெருக்கமான வாக்கெடுப்பில் தனி ஒருவர் எடை போடும் கல்லாக இருக்கலாம் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. காலப்போக்கில் செனட்டின் நீதித்துறைக் குழுவுக்கே தலைவரானார்.

பேரம் பேசுகிறவர், வெள்ளையரோடு ஒத்துப்போகிறவர் என்று இளைஞர்கள் அவரைக் குறை சொன்னதும் உண்டு. அதே கட்டடத்தில் ஜூலியன் போண்ட் வேறு வழியில் நடந்தார். வியட்நாம் யுத்தத்துக்கு எதிரான அறிக்கையை ஆதரித்ததற்காக, தேர்தலில் வென்ற அவரைப் பிரதிநிதிகள் சபை 1966 ஜனவரியில் 184 வாக்குகளால் ஏற்க மறுத்தது. அவர் ஒரு சொல்லையும் வாபஸ் வாங்காமல் வழக்காடி, அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் வென்றார். போண்டின் வழி நமக்கு மனதுக்கு நெருக்கமானது, மறைக்கவில்லை. ஆனால் அலியின் காரியத்துக்கு உதவியது ஜோன்சனின் வழிதான்.

1967 ஏப்ரலில் அலி தன் மார்க்க நம்பிக்கையைச் சொல்லி இராணுவத்தில் சேர மறுத்தார். ஐந்து வருடச் சிறையும் 10,000 டொலர் அபராதமும் தீர்ப்பாயின. மேன்முறையீடு செய்து வெளியே இருந்தாலும், மாநிலம் மாநிலமாகக் கேட்டும் சண்டை போட அனுமதிப்பத்திரம் கிடைக்கவில்லை. ஒரு வீரரின் உடம்பு உச்சத்தில் இருக்கும் வயது, இருபத்தைந்திலிருந்து இருபத்தெட்டு வரை, இப்படிக் கழிந்தது.

1970 இல் சில வர்த்தகர்கள் இந்த விடயத்தை ஜோன்சனிடம் கொண்டுவந்தார்கள். அவர் முதலில் செய்தது சட்டப் புத்தகத்தைத் திறந்ததுதான். ஜோர்ஜியாவில் மாநிலக் குத்துச்சண்டை ஆணைக்குழு என்று ஒன்றே இல்லை! மறுப்பதற்கு மாநிலத்தில் ஆளே இல்லை என்றால், நகரசபை அனுமதித்தால் போதும். அட்லாண்டாவின் மேயர் சாம் மசல், நகரின் முதலாவது யூத மேயர். 1969 தேர்தலில் அவர் வென்றது கறுப்பின வாக்குகளின் பலத்தால். அந்த வாக்குகளைத் திரட்டியவர்களில் ஜோன்சனும் ஒருவர். மேயர் சம்மதித்தார்.

ஆளுநர் யார் தெரியுமா? லெஸ்டர் மடொக்ஸ். தன் உணவகத்துக்குச் சாப்பிட வந்த கறுப்பினத்தவரைக் கோடரிப்பிடிகளைக் காட்டி விரட்டிப் பெயரெடுத்தவர். அந்த ஆளுநரிடமும் ஜோன்சன் கதைத்துப் பார்த்தார். மடொக்ஸ் முதலில் எதிர்க்கவில்லை, பிறகு எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பினார். சண்டை நாளைத் துக்க தினமாக அனுட்டிக்கச் சொன்னார், பகிஷ்கரிக்கச் சொன்னார். தடுத்து நிறுத்த மட்டும் அவர் கையில் சட்டம் இருக்கவில்லை.

முதலில் செப்டம்பரில் மோர்ஹவுஸ் கல்லூரியில் ஒரு காட்சிப் போட்டி. வானம் இடிந்து விழவில்லை என்று எல்லோரும் கண்ட பிறகு, 1970 ஒக்டோபர் 26 ஆம் திகதி, அட்லாண்டா நகர மண்டபத்தில் ஜெரி குவாரியோடு சண்டை. சுமார் ஐயாயிரம் பேர் கொள்ளும் மண்டபம்தான். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா வந்திருந்தார், நடிகர் சிட்னி பொய்ட்டியர் வந்திருந்தார். 43 மாதங்களுக்குப் பிறகு மேடையேறிய அலி, மூன்றாவது சுற்றோடு வென்றார். குவாரியின் கண்ணுக்கு மேலே ஆழமாகக் கிழிந்ததால் நடுவர் நிறுத்திவிட்டார்.

எட்டு மாதங்கள் கழித்து, 1971 ஜூன் 28 இல், உயர் நீதிமன்றம் எட்டு நீதியரசர்களின் ஒருமித்த தீர்ப்பால் அலியின் தண்டனையை இரத்துச் செய்தது. அது வரும்வரை காத்திருந்திருந்தால் இன்னும் எட்டு மாதங்கள் போயிருக்கும். 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியரோடு நடந்த அந்தப் பெரிய சண்டைக்கு முன் உடம்பைத் தயார்ப்படுத்த வாய்ப்பும் இருந்திருக்காது.

ஜோன்சன் அதற்குப் பிறகு பெரிய உயரத்துக்குப் போகவில்லை. 1973 இல் அட்லாண்டா மேயர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். நகரின் முதலாவது கறுப்பின மேயராக வந்தவர் மேனார்ட் ஜாக்சன் என்ற இளைஞர். அடுத்த வருடம் செனட் ஆசனமும் போனது. அவரைத் தோற்கடித்த ஹொரஸ் டேட், ஜோர்ஜியாவின் கறுப்பின ஆசிரியர் சங்கத்தை நடத்தியவர். ஆசிரியராகத் தொடங்கியவரை ஆசிரியர்களின் தலைவரே வீட்டுக்கு அனுப்பிவைத்தார்! அதன் பிறகு ஜோன்சன் சட்டத்தரணியாகத் தொழில் செய்தார். 2016 இல் அலி மௌத்தானார், 2019 ஒக்டோபரில் 91 வயதில் ஜோன்சன் காலமானார்.

அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு வகுப்பில் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன், எழுபதாம் ஆண்டு அந்தச் சண்டைச் செய்தியை வானொலியிலோ பத்திரிகையிலோ அறிந்த மூத்தவர்கள் ஊரில் இருந்தால், ஞாபகத்தில் இருப்பதைக் கீழே எழுதுங்கள். நாம் சொன்னதில் பிழை இருந்தாலும் திருத்துங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.