பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு புத்தகம்

தவக்காலம் வந்தால் மெயின்கார்டு கேட் லூர்து மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வருவது என் பழக்கம். தில்லை நகரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறினால் அதிக நேரம் ஆகாது. இந்த வருஷம் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன். திரும்பி, "தாத்தா, உள்ளே போய் என்ன சொல்லணும்?" என்று மெதுவாகக் கேட்டான். "தம்பி, இந்தக் கேள்விக்கு 1580-லேயே தமிழில் புத்தகம் போட்டுவிட்டார்கள்" என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். விளையாட்டு இல்லை.

தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் வந்தது, 16 பக்கம். மறு வருஷம் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. இவை பள்ளிப் புத்தகத்திலேயே வருகின்றன. அதற்கும் அடுத்த வருஷம், 1580-ல், அதே கொச்சியில் 'கொம்பெசியொனாயரு' என்ற நூல் அச்சேறியது. பாவசங்கீர்த்தனத்துக்கு எப்படி ஆயத்தம் செய்வது என்று சொல்லும் நூல். அதன் ஒரு பிரதி ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. இங்கே நம் பக்கத்தில் அதன் பெயரைக்கூடப் பலர் கேட்டதில்லை.

எழுதியவர் அன்றிக்கே பாதிரியார். போர்த்துக்கீசியர், 1546-ல் இந்தியா வந்து முத்துக்குளித்துறையில் வாழ்ந்து, புன்னைக்காயலில் 1600-ல் இறந்தவர். அவருக்கு முன்னால் வந்த சவேரியாருக்கும் மற்றச் சாமியார்களுக்கும் தமிழ் பேச வராது. துபாஷியை நடுவில் வைத்துக்கொண்டுதான் பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டியிருந்தது. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மனைவியிடம்கூடச் சொல்லாததை ஒருவன் சாமியாரிடம் சொல்ல வருகிறான். நடுவே உள்ளூர்க்காரன் ஒருவன் உட்கார்ந்து அதை வார்த்தை வார்த்தையாக மொழிபெயர்க்கிறான். யார் வாயைத் திறப்பார்கள்? அன்றிக்கே பாதிரியார் தமிழைக் கற்று, துபாஷியை விலக்கி, இலக்கணமும் எழுதினார். அவர் தமிழ் படித்த கதையை மொழிப்பற்று என்று மேடையில் பேசுகிறார்கள். பாவம் கேட்க ஒரு காது வேண்டியிருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

(இன்று நாம் பார்க்கும் பாவசங்கீர்த்தனப் பெட்டியும் அந்தக் காலத்தில்தான் மிலான் நகரில் கர்தினால் பொரோமியோ முயற்சியால் பரவத் தொடங்கியது. நம் கடற்கரையில் அப்போது அது ஏது?)

இந்த வகை நூல்கள் எல்லாம் பத்துக் கட்டளையை வரிசையாக எடுத்துக்கொண்டு கேள்வி கேட்கும். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது புதிதல்ல. 'எக்ஸாமேன் த கோன்சியான்ஸ்' என்று மனச்சோதனைக்குத் தனிப் பாடமே உண்டு. நரகத்துக்குப் பயந்து வருந்துவது ஒன்று, கடவுள் மேல் வைத்த அன்பினால் வருந்துவது ஒன்று. இரண்டாவதைத்தான் நம் பழைய ஞானோபதேசம் உத்தம மனஸ்தாபம் என்கிறது. ஏழு வயதில் இந்த வித்தியாசத்தை ஒப்பித்தேன். புரிய நாற்பது வயதானது.

லூர்து மாதா கோயிலிலிருந்து தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தால் சுவார்ட்ஸ் ஐயர் 1766-ல் எழுப்பிய கிறிஸ்து ஆலயம் வந்துவிடும். அங்கே இந்தப் பெட்டி கிடையாது. ஆனால் மனஸ்தாபம் உண்டு, அதுவும் பலமாக. சுவார்ட்ஸ் படித்தது ஜெர்மனியின் ஹாலே நகரத்தில். பாவ உணர்வில் மனம் உடைந்து போராடி எழ வேண்டும் என்று போதித்த பிராங்கேயின் ஊர் அது. அவர்களுக்கு மூலவரான லூத்தர் 1517-ல் எழுதிய 95 வாசகங்களில் முதலாவதே, மனந்திரும்புதல் ஒரு நாள் சடங்கல்ல, விசுவாசியின் ஆயுள் முழுவதும் என்பதுதான்.

நம் தென்மாவட்டத்தில் 1860-ல் நடந்தது வேறு மாதிரி. திருநெல்வேலிச் சீமையில் ரேனியஸ் ஐயரிடம் படித்த அருளப்பன் என்ற தமிழ் ஊழியர் நடத்திய கூட்டங்களில் ஜனங்கள் தங்கள் பாவத்தை உணர்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு சத்தமாக அழுதார்கள், பலர் முன்னிலையில் அறிக்கையிட்டார்கள். வெள்ளைக்காரப் பாதிரிகளில் சிலருக்கு இந்த ஆரவாரம் பிடிக்கவில்லை. எனக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் காதோடு சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அதை நானே அனுபவித்திருக்கிறேன்.

வேலையில் இருந்த காலம். ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதிய ஃபைல் என் மேஜைக்கு வந்தது. அவர் மகன் ஒரு நாள் என்னிடம் குரலை உயர்த்திப் பேசிவிட்டான். ஃபைலை இழுப்பறையில் போட்டேன். ஐந்து மாதம் அங்கேயே கிடந்தது. பெரிய வியாழனுக்கு முன்னால் பெட்டியில் மண்டியிட்டு, "கடமையில் அசட்டையாயிருந்தேன், சாமி" என்றேன். உள்ளிருந்த வயதான சாமியார் விடவில்லை. "எந்தக் கடமை? யாருக்கு நஷ்டம்?" என்றார். சொன்னேன். "ஏழாம் கட்டளை, தெரியுமில்லையா? சக்கேயு நாலு மடங்கு திருப்பிக் கொடுத்தான். நீ முதலில் அந்த ஃபைலை அனுப்பு. அபராதத்துக்கு ஜெபம் அப்புறம் சொல்கிறேன்" என்றார்.

மறுநாள் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ஆணை வந்ததும் அந்த அம்மா அலுவலகத்துக்கே வந்து, என் மேஜைக்கு முன்னால் நின்று, கையெடுத்துக் கும்பிட்டார். "உங்களால்தான் ஐயா வந்தது" என்றார். ஏன் தாமதமானது என்று நான் சொல்லவில்லை. உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.