ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: வன்தட்டில் கைவைக்க முன்னர்

விண்டோஸ் 10 இற்கான பொதுவான பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவுசெய்து பெறும் நீடிப்பும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 ஐப் போடலாமே என்றால், அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியையும் கேட்கிறது. வன்னியில் நான் காணும் மடிக்கணினிகளில் பல அதற்கு முந்தியவை. வெளிநாட்டுச் சொந்தங்கள் பாவித்துவிட்டு அனுப்பியவை, அல்லது கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பழையதாக வாங்கியவை.

இந்தக் கணினிகளில் லினக்ஸ் நன்றாகவே ஓடும். ஆனால் விண்டோஸை முழுதாகக் கைவிட எல்லோராலும் முடியாது. பாமினி எழுத்துருவில் கிடக்கும் கடிதங்கள், இ-கலப்பையிலோ என்.எச்.எம். ரைட்டரிலோ பழகிய கை, போட்டோஷொப், கணக்கு மென்பொருள் என்று ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கும். நானும் அப்படித்தான். ஆகவே ஒரே வன்தட்டில் இரண்டு இயங்குதளங்கள். பிள்ளைகளின் பாடநூலில் இயங்குதளத்தைப் 'பணிசெயல் முறைமை' என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

கடையில் கொடுத்தால் முதலில் வரும் பதில், "ஃபோர்மட் அடிச்சுத் தாறம்". அந்தச் சொல்லுக்கு எங்கள் வீடுகளில் வேறு பாரம் இருக்கிறது. 2009 இல் மூலப்பத்திரங்களை இழந்தவர்களுக்குக் காணி அனுமதிப்பத்திரத்தின் ஸ்கான் பிரதியும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் ஒரேயொரு படமும் அந்த வன்தட்டில் மட்டும் இருக்கலாம். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய உறவுகளின் போராட்டத்தில் உள்ள தாய்மாரின் முறைப்பாட்டுக் கடிதங்களைப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ கணினியில் தட்டச்சிட்டு வைத்திருப்பார்கள். எனவே முதல் வேலை பிரதி எடுப்பது. வெளியே கழற்றி வைக்கக்கூடிய வன்தட்டில் ஒன்று, முடிந்தால் இன்னொரு வீட்டில் ஒன்று. அதே வன்தட்டின் டி: பகுதியில் போட்டு வைப்பது பிரதியே அல்ல. எடுத்த பிரதியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

அடுத்தது பிட்லொக்கர். புதிய விண்டோஸ் பதிப்புகள் பலவற்றில் வன்தட்டு, உரிமையாளருக்குத் தெரியாமலே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயோஸில் ஏதாவது மாற்றியதும் திரை நீலமாகி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். அதாவது, பாரிஸிலிருந்து மச்சான் அனுப்பிய கணினி என்றால் மச்சானின் கணக்கில். அவரிடம் எண்ணைக் கேட்டு வாங்கிக் கடதாசியில் எழுதி வையுங்கள், அல்லது விண்டோஸ் அமைப்புகளில் குறியாக்கத்தை நிறுத்திவிட்டு, அது முழுதாக நீங்கும்வரை காத்திருங்கள். மின் விருப்பங்களில் உள்ள 'வேகத் தொடக்கம்' என்பதையும் அணைத்துவிட வேண்டும். அது இயங்கினால் விண்டோஸ் உண்மையில் மூடப்படுவதில்லை, பாதித் தூக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அதன் கோப்புகளில் எழுத மறுக்கும்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்ட் மூலமே செய்யுங்கள். சி: பகுதியை வலது சொடுக்கி, சுருக்கும் தெரிவை எடுத்தால் போதும். உபுண்டு 25 ஜி.பி. இடம் போதும் என்று சொல்கிறது. நான் 50 இற்குக் குறைய விடமாட்டேன். 256 ஜி.பி. வன்தட்டில் 60 ஐ லினக்ஸுக்குக் கொடுக்கலாம். சில கணினிகளில் நிறைய வெற்றிடம் இருந்தும் கொஞ்சம்தான் சுருக்கலாம் என்று காட்டும். நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் இருப்பதே காரணம். ஹைபர்னேஷனையும் மீட்புப் புள்ளிகளையும் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை மீளத் தொடக்கிவிட்டு மறுபடி பாருங்கள். கிடைத்த வெற்றிடத்தில் புதிய பகுதி எதையும் உருவாக்காமல் அப்படியே விடுங்கள்.

பழைய கணினிகளில் இன்னொரு சிக்கல். 2012 இற்கு முந்தியவை பெரும்பாலும் எம்.பி.ஆர். முறையில் பிரிக்கப்பட்டவை. அதில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் வைக்க முடியாது. தயாரிப்பாளரே நான்கையும் நிரப்பி விற்றிருந்தால் ஐந்தாவதற்கு இடமில்லை. ஒன்றை நீக்கத்தான் வேண்டும். யூ.ஈ.எஃப்.ஐ., ஜி.பி.டி. முறையில் உள்ளவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எந்த லினக்ஸ்? உபுண்டு 24.04 இற்கு 2029 வரை மேம்படுத்தல் உண்டு, தரவிறக்கம் ஏறத்தாழ 6 ஜி.பி. அதன்மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் 22, மூன்று ஜி.பி.க்குச் சற்றுக் குறைவு. விண்டோஸில் பழகியவருக்கு அந்நியமாகவும் இராது. நினைவகம் 4 ஜி.பி. மட்டும் என்றால் மின்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு நல்லது. இரவு நேர டேட்டாவில் இறக்கிவிட்டு, ரூஃபஸ் மென்பொருளால் 8 ஜி.பி. பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருந்தவை அழிந்துவிடும்.

பென் டிரைவிலிருந்து தொடங்க, டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9. உடனே நிறுவ வேண்டாம். வன்தட்டைத் தொடாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா என்று ஒரு மணித்தியாலம் பாருங்கள். பிரான்சிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வந்த கணினிகளில் விசைகளின் ஒழுங்கு வேறு. நிறுவும்போது அந்த நாட்டு விசைப்பலகையைத் தெரியாவிட்டால், வைத்த கடவுச்சொல்லை நீங்களே பிறகு தட்ட முடியாமல் நிற்பீர்கள்.

நிறுவும்போது வரும் தெரிவுகளில் 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்பதுதான் உங்களுடையது. 'வன்தட்டை அழித்து நிறுவு' என்பதும் அதே திரையில்தான் இருக்கும். விண்டோஸுடன் சேர்க்கும் தெரிவே காட்டப்படாவிட்டால், வேறு எதையும் அழுத்தாமல் வெளியேறுங்கள். வேகத் தொடக்கமோ குறியாக்கமோ இன்னும் அணையாமல் இருக்கலாம். கையால் பிரிக்கிறவர்கள் ஏற்கெனவே உள்ள ஈ.எஃப்.ஐ. பகுதியைப் பாவிக்கலாம், ஆனால் ஃபோர்மட் செய்யக்கூடாது. விண்டோஸ் தொடங்கும் வழியும் அதற்குள்தான் இருக்கிறது. எங்கள் மின்சாரத்தை நம்பி இதைச் செய்ய வேண்டாம். பற்றரி நிறைந்திருக்க வேண்டும். பற்றரி செத்த கணினி என்றால் யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள். பகுதிகளின் அட்டவணை எழுதப்படும்போது கரண்ட் போனால் இரண்டு இயங்குதளமும் போகலாம்.

எல்லாம் சரியானால் கணினியைப் போட்டதும் குரப் என்ற பட்டியல் வந்து எதற்குள் போகவேண்டும் என்று கேட்கும். அது வராமல் நேரே விண்டோஸ் வந்தால் பயோஸில் தொடக்க ஒழுங்கில் லினக்ஸை மேலே ஏற்றுங்கள். பெரிய விண்டோஸ் மேம்படுத்தல்களுக்குப் பிறகு இது மாறுவதுண்டு. 2024 ஓகஸ்ட் 13 இல் வந்த மேம்படுத்தல் அதைவிட மோசம். இரட்டை இயங்குதளம் வைத்திருந்த பல கணினிகளில் பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற செய்தியுடன் லினக்ஸ் தொடங்க மறுத்தது. மைக்ரோசொஃப்ட் அதை முழுமையாகச் சரிசெய்தது 2025 மே மாதத்தில். கோப்புகள் எதுவும் அழியவில்லை. இப்படி ஏதும் நடந்தால் உடனே ஃபோர்மட் என்று ஓடாமல், பயோஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள்.

பாமினி எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவலாம். லிப்ரே ஒஃபிஸில் பழைய கடிதங்கள் வாசிக்கக்கூடியதாகத் திறக்கும். படங்களையும் கடிதங்களையும் தனியாக ஒரு என்.ரி.எஃப்.எஸ். பகுதியில் வைத்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுக்கலாம்.

லினக்ஸ் பாவித்துவிட்டு விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டும். பழுதல்ல. கணினியின் உட்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை எழுதி வைக்க, விண்டோஸ் அதை இலங்கை நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. உட்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸை மாற்றினால் சரியாகிவிடும்.