மழைநீர் வந்து சேரும் நேரம்

நீர்ப்பிடிப்புப் பகுதியின் கடைக்கோடியில் விழும் மழைநீர் அதன் வாய்க்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும்? சிறிய ஓடைகளின் பாலத்துக்கு எத்தனை கண் வைப்பது என்பதை முடிவுசெய்ய இந்தக் கேள்வி வேண்டியிருக்கிறது. 1851இல் இதைத் தெளிவாக எழுப்பியவர் அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வானி. விளைநிலங்களில் தேங்கும் வெள்ளத்தை வடிக்கும் பெரும்பணிகள் அங்கே நடந்துகொண்டிருந்த காலம் அது. மழை சீக்கிரம் நின்றுவிட்டால் தொலைவில் விழுந்த நீர் வருவதற்குள் அருகில் விழுந்தது வடிந்துவிடும். நெடுநேரம் பெய்தாலோ மழையின் சராசரி வேகம் குறைந்துவிடும். ஆகவே கடைக்கோடி நீர் வந்து சேரும் நேரமளவு நீடிக்கும் மழைதான் உச்ச வெள்ளத்தைத் தரும் என்றார். ஆனால் அவருடைய கட்டுரையின் தலைப்பே தானாகப் பதியும் மழைமானியையும் வெள்ளமானியையும் பற்றியது. அந்தந்த இடத்தில் அளந்து பார்க்க வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. பின்வந்தவர்கள் அவருடைய தர்க்கத்தை எடுத்துக்கொண்டார்கள்; கருவியைப் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். இந்தக் கணக்கின் பலவீனம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

1889இல் எமில் குய்க்லிங் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரச் சாக்கடைகளுக்கு இதே தர்க்கத்தைக் கையாண்டபோது, அங்கே அளந்த மழையையும் ஓட்டத்தையும் ஒப்பிட்டே எழுதினார். 1940இல் வந்த கிர்பிச் சூத்திரத்தின் கதை வேறு. ஓடையின் நீளமும் சரிவும் தெரிந்தால் போதும், நேரம் கிடைத்துவிடும்; நீளம் இருமடங்கானால் நேரம் சுமார் 1.7 மடங்காகும். அதன் அடித்தளம், டென்னசியில் சில சிறிய விவசாய நிலப்பகுதிகளில் ராம்சர் என்பவர் எடுத்த அளவுகள். அவற்றுள் பெரியதே சுமார் 112 ஏக்கர்தான். சரிவு 3 முதல் 10 சதவீதம். நீர் பயணித்த நேரத்தை ராம்சர் நேரடியாக அளக்கவுமில்லை. ஓடையின் நீர்மட்டம் தாழ்நிலையிலிருந்து உச்சத்துக்கு ஏற எடுத்த நேரத்தையே அவருடைய கருவி பதிந்தது. அந்த ஏறுநேரம்தான் பயண நேரமாக உலகெங்கும், இந்தியா உட்பட, பாடநூல்களில் குடியேறியது.

அளவுமானியே இல்லாத ஓடைக்குப் பாலம் கட்டும் பொறியாளர் வேறென்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தோராயமான எண், எண்ணே இல்லாததைவிட மேல்தான். ஆயினும் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது முக்கியம். நேரத்தைக் கூட்டி மதிப்பிட்டால் மழையின் வேகம் குறைவாகத் தெரியும், வடிகால் குறுகிவிடும், நீர் வீட்டுக்குள் வரும். இதற்காகவே தார்ப்பரப்புக்கு 0.4, கான்கிரீட் வாய்க்காலுக்கு 0.2 என்ற பெருக்கெண்களைப் பின்னர் சேர்த்தார்கள். விவசாய நிலத்துக்கு 30 நிமிடம் என்று வந்த விடை தார்ப்பரப்பில் 12 நிமிடமாகிறது. வயலாக இருந்த இடம் மனைகளாகிப் போன ஊரில் பழைய கணக்கையே வைத்திருந்தால் விளைவு இதுதான்.

திருத்தம் வந்துவிட்டதே, பிறகென்ன என்பது அடுத்த வாதம். அந்தப் பெருக்கெண்கள் தரையின் மாற்றத்தைத்தான் கவனிக்கின்றன, மழையின் மாற்றத்தை அல்ல. ஓடையில் ஆழம் கூடக்கூட நீரின் வேகமும் கூடும். சாரல் மழையில் மெல்ல வரும் நீர், பெருமழையில் அதே வழியே அதைவிட விரைவாக வந்துவிடும். ஓர் ஓடைக்கு ஒரே நேரம் என்று எழுதிவைப்பதில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. அதைக் காட்டக்கூடியவை மல்வானி கேட்ட அந்த இரண்டு கருவிகள்தான்: ஒரே கடிகாரத்தில் ஓடும் மழைமானியும் வெள்ளமானியும்.