நடை சாத்தும் நேரம்

சினிமாக் கொட்டகையில் மாலை ஆறரை மணிக் காட்சிக்கு முதல் ஆட்டம் என்று பெயர். பத்து மணிக்குப் போடுவது இரண்டாம் ஆட்டம். மத்தியானம் இரண்டரைக்குப் போடுகிறார்களே, அது எத்தனையாவது ஆட்டம்? அதற்கு எண்ணே கிடையாது. மேட்னி என்பார்கள். பிரெஞ்சில் காலைப் பொழுதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பந்தி முடிந்து இலை எடுக்கும்போது வந்த விருந்தாளி போல அந்தக் காட்சி வரிசைக்கு வெளியே நிற்கிறது.

நம் பக்கத்தில் ஆட்டம் என்றாலே ராத்திரிதான். கூத்து விடிய விடிய நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களைப் பார்க்கப் போனவர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு விடியற்காலையில்தான் வீடு திரும்பினார்கள். 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் படம் காட்டும் கருவியோடும் கூடாரத்தோடும் ஊர் ஊராகக் கிளம்பினார். அவருக்குப் பின் டூரிங் டாக்கீஸ்கள் வந்தன. பக்கம் அடைக்காத கீற்றுக்கொட்டகையில் பொழுது சாய்ந்தால்தான் திரையில் முகம் தெரியும். பகலில் படம் காட்ட வேண்டுமானால் வெயிலை வெளியே நிறுத்தும் சுவர் வேண்டும், சாத்துகிற கதவு வேண்டும், உள்ளே புழுங்காமல் இருக்க மின்விசிறி வேண்டும். ஆகவே மேட்னி நகரத்துக்கே உரியதாயிற்று.

செண்பகத்தோப்பில் இருந்த எங்களுக்கு அந்த நகரம் மதுரை. நான் பிறந்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஒரு மாந்தோப்புக் காவல் வீட்டில். அப்பாதான் காவல். ஸ்ரீவில்லிபுத்தூர் போக அஞ்சு மைல் நடக்க வேண்டும். சினிமாவைப் பற்றி நான் முதலில் கேட்டதெல்லாம் அத்தை வாயிலாகத்தான். அப்பாவின் அக்கா. இருபத்திரண்டு வயதில் தாலியறுத்து அண்டிவந்து, சாகும்வரை எங்களோடு இருந்தவர். வருஷத்தில் மூன்று நான்கு தடவை மதுரைக்குத் தனியாகப் போய்வருவார். "மீனாட்சியைப் பார்த்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். அதில் பொய் கிடையாது. மீனாட்சியை இரண்டு தடவை பார்ப்பார். இடையில் என்ன செய்தார் என்பதுதான் நான் எழுத வந்த சரித்திரம்.

மீனாட்சியம்மன் கோயிலில் உச்சிக்காலம் முடிந்து பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்துவார்கள். மறுபடி திறப்பது நாலு மணிக்கு. வெளியூரிலிருந்து தனியாக வந்த ஒரு பெண் அந்த மூன்றரை மணி நேரத்தை எங்கே கழிப்பாள்? ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சு இருந்தது, பார்பர் ஷாப் இருந்தது, பூங்கா இருந்தது. ரயிலடிப் பக்கம் விக்டோரியா எட்வர்ட் மண்டபத்தில் பகல் முழுக்க உட்கார்ந்து பத்திரிகை படிக்கலாம். பொழுது சாய்ந்ததும் அதே மண்டபம் ரீகல் தியேட்டராகி ஆங்கிலப் படம் ஓடும். நான் எட்டிப் பார்த்த நாட்களில் அங்கே ஒரு பெண் உட்கார்ந்து படித்து நான் கண்டதில்லை. பெண்களுக்கென்று தனி டிக்கெட் கவுண்ட்டரும் தனிப் பக்கமும் இருந்த இடம் சினிமாத் தியேட்டர்தான். காசு கொடுத்து உள்ளே போனால் மூன்று மணி நேரம் யாரும் எழுப்ப மாட்டார்கள், எதற்கு வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். நம் ஊர்ப் பெண்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் படிப்பையும் வேலையையும் ஓட்டையும் எழுதுகிறார்கள். உட்கார இடம் கிடைத்ததையும் எழுத வேண்டும்.

அத்தை ஒரு நாளை அமைப்பது நிலாவிலிருந்து தொடங்கும். ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கித் தோப்புக்கு நடக்க வேண்டும். வழியில் கரடி நடமாட்டம் உண்டு. அதனால் பௌர்ணமியை ஒட்டிய நாளாகப் பார்ப்பார். அதிலும் சனிக்கிழமையாக வந்தால் விசேஷம், ஏனென்றால் அந்தக் காலத்தில் மேட்னி எல்லா இடத்திலும் தினம் கிடையாது. சனி, ஞாயிறு, பண்டிகை நாள்தான் உறுதி. நாள் அமைந்துவிட்டால் நாலாம் ஜாமத்தில் சந்தைக்குத் தேங்காய் ஏற்றிப்போகும் வண்டியில் பின்பக்கம் ஏறிக்கொள்வார். விருதுநகருக்கும் தென்காசிக்கும் இடையில் மீட்டர்கேஜ் பாதை 1927-இல் வந்தது. அந்தப் பாதை இல்லையென்றால் அத்தைக்கு மதுரையும் இல்லை. சிவகாசி, திருத்தங்கல், விருதுநகர், கள்ளிக்குடி, திருமங்கலம், திருப்பரங்குன்றம் என்று ஸ்டேஷன்களை ஒரு பாட்டு மாதிரி வரிசை தப்பாமல் சொல்லுவார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்ததே அந்தப் பலகைகளால்தான்.

மதுரையில் இறங்கியதும் டவுன்ஹால் ரோடு வழியாக நேரே மேலக்கோபுரம். தரிசனம் முடித்து நடை சாத்துவதற்குள் கிழக்கே புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்துக்குள் அப்போது தையற்காரர்களும் பாத்திரக்காரர்களும் புத்தகக்காரர்களும் தூணுக்குத் தூண் கடை போட்டிருந்தார்கள். ஒரு தடவை பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை வாங்கிவந்தார். ஆண்களை அண்டவிடாமல் மதுரையை ஆண்டவள் கதையை எங்கள் திண்ணையில் அவர் எழுத்துக்கூட்டிப் படித்தபோது நானும் கூடவே படித்தேன். பிறகு வாத்தியாரம்மா ஆனேன். புதுமண்டபத்திலிருந்து அத்தைக்கு மறுபடி ரயிலடி. எதிரே மங்கம்மாள் சத்திரம். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி, வழிப்போக்கர்களுக்காகக் கட்டிவைத்தது. அதன் நிழலில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார். மங்கம்மாள் பெயரைச் சொல்லாமல் எங்கள் அத்தை ஒரு கவளம் எடுத்ததில்லையாம்.

இதற்குப் பிறகுதான் தங்கம் தியேட்டர்.

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952 தீபாவளிக்கு, அக்டோபர் 17 அன்று, பராசக்தி படத்தோடு திறந்தார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஆசனம். ஆசியாவிலேயே பெரியது என்று பேர். தீபாவளி கழிந்த பதினைந்தாம் நாள், ஐப்பசிப் பௌர்ணமி நெருங்கிய சனிக்கிழமை, அத்தை அங்கே இருந்தார். ஐப்பசி அடைமழைக் காலம், மேகம் மூடினால் நிலாவை நம்ப முடியாது. அதனால் அப்பாவை அரிக்கேன் விளக்கோடு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுத்தான் போனாராம். படத்தைப் பற்றி அத்தை அதிகம் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான். "நம்ம தோப்பு மாமரம் மொத்தத்தையும் உள்ள நட்டுரலாம் தாயி. அத்தனை பெரிய இடத்துல என்னை யாருக்கும் தெரியலை."

கடைசி வாக்கியம் எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. படம் பார்க்க மதுரைதான் வேண்டும் என்பதில்லை. ராஜபாளையத்தில் 1936-இல் ராமசாமி ராஜா மில் தொடங்கினார், தொடர்ந்து ஊர் பெருத்தது. மூன்று ஷிப்ட் ஓடும் ஊரில் பகலில் ஓய்ந்திருக்கும் ஆட்கள் உண்டு, அவர்களுக்காகப் பகல் காட்சியும் உண்டு. ஆனால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவர் தோப்புக்காரர் அக்கா, தாலியறுத்தவர், மத்தியானத்தில் சினிமாவுக்குப் போகிறவர். மதுரையில் அவர் டிக்கெட் வாங்கிய ஒரு ஆள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் மீனாட்சி கோயில் வாசலோடு நிற்க வேண்டும். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், தடுத்து வைக்கப்பட்டிருந்தவர்களை உள்ளே அழைத்துப் போனார். கொட்டகையிலும் தரை, பெஞ்சு, நாற்காலி என்று ஏற்றத்தாழ்வு இருந்தது, ஆனால் அதைக் காசு பிரித்தது. தமிழர்கள் எல்லாரும் முதன்முதலாக ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த அரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி எழுதினார். அத்தை அதைப் படித்ததில்லை. கோயிலுக்குள் போய்விட்டு அதே காலோடு தியேட்டருக்குள் போவது அவருக்கு ஒரே சந்தோஷத்தின் இரண்டு பாதி. அதில் எந்தப் பாதியையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஏன் எப்போதும் தங்கம்தான் என்று ஒரு தடவை கேட்டேன். 1937-இல் பாகவதர் நடித்து வெளிவந்த சிந்தாமணி படத்தின் லாபத்தில் கட்டி, அந்தப் பெயரையே வைத்த சிந்தாமணி தியேட்டர் கீழவாசல் பக்கம் இருந்தது. அங்கே படம் விட்டால் ரயிலடிக்கு ஊரைக் கடந்து வர வேண்டும். தங்கத்திலிருந்து கொஞ்ச நடைதான். படம் விட்டதும் வேகமாகப் போய் இன்னொரு தரம் சாமி கும்பிட்டு, ஒரு முழம் மல்லிகை வாங்கி எனக்காக மடியில் முடிந்துகொண்டு, ராத்திரி வண்டியைப் பிடிக்க நேரம் சரியாக இருக்கும். "கோயில் சாத்துறதுக்கும் தொறக்குறதுக்கும் நடுவுலதான் தாயி எனக்குன்னு பொழுது" என்றார்.

நான் தனியாகப் போனது 1974-இல், என் இருபத்துநாலாம் வயதில். பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு நிலா பார்க்க வேண்டியதில்லை, ரயில் பார்க்க வேண்டியதில்லை. கையில் என் சம்பளம். ஆனாலும் அத்தை போட்ட தடத்திலேயே போனேன், சத்திரத்து நிழல் உட்பட. ஒரே ஒரு மாறுதல். சினிமா முடிந்ததும் மழை பிடித்துக்கொள்ள, ராத்திரி தங்கலாமென்று ஒரு லாட்ஜில் கேட்டேன். "கூட யாரு?" என்றார் பேரேட்டில் எழுத வந்தவர். யாருமில்லை என்றதும் பேரேட்டை மூடிவிட்டார். நனைந்துகொண்டே பஸ் ஏறினேன். அன்றைக்கு மத்தியானம் தியேட்டர் கவுண்ட்டரில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

மேட்னியின் பெண்கள் கூட்டம் மெல்லக் கரைந்தது. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தபோது எங்கள் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. 1993-இல் சன் டிவி தொடங்கி, பிறகு பகல் நேரத் தொடர்கள் வந்தபோதுதான் மாற்றம். சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் இருக்கும் அதே இரண்டு மூன்று மணி நேரத்தை அவை வீட்டுக்குள்ளேயே எடுத்துக்கொண்டன. பெண்கள் கதை பார்ப்பது நிற்கவில்லை, வெளியே போய்ப் பார்ப்பது நின்றது. தங்கம் தியேட்டரை இடித்த இடத்தில் ஜவுளிக்கடை. சிந்தாமணி இடத்திலும் ஜவுளிக்கடைதான். மீட்டர்கேஜ் போய் அகலப் பாதை வந்தது. செண்பகத்தோப்பு 1988-இல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயத்தோடு சேர்ந்தது, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். அத்தை நிலா வெளிச்சத்தில் நடந்த பாதையில் இன்று பொழுது சாய்ந்தபின் நடக்க விடமாட்டார்கள். காட்டுக்கு அது நல்லது.

போன மாதம் மதுரைக்குப் போனேன். தரிசனம் முடித்து வெளியே வந்தபோது நடை சாத்திவிட்டார்கள். சித்திரை வீதியில் கருங்கல் தளம் கொதித்தது. மதில் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு நிழல், அதில் பைகளை மடியில் வைத்தபடி பத்துப் பதினைந்து பெண்கள், முக்கால்வாசிப் பேர் என் வயது. நானும் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் சங்கரன்கோவிலிலிருந்து தனியாக வந்திருந்தார்.

"எப்ப தொறப்பாங்க அக்கா?"

"நாலு மணிக்கு."

"அதுவரைக்கும் எங்க இருக்க?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெயில் காலை எட்டியபோது இரண்டு பேரும் பைகளை எடுத்துக்கொண்டு நிழல் இருந்த பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தோம்.